நிஷ் நகருக்குப் போன ஐந்து பேர்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை மாலை லொரெதானா தட்டச்சு செய்த பயணிகள் பட்டியலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஐந்து பெயர்கள். முதலாவது செர்ரவாலே, அவள் கணவன் எஜீதியோ இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் பம்ப் ஆலையின் முதலாளி. அடுத்து அவருடைய மருமகன், பிறகு ஒரு வழக்கறிஞர், பெரிய இயந்திரங்களைக் கழற்றி வேறு ஊரில் பூட்டித் தரும் நிறுவனத்தின் ஆட்கள் இருவர். போகும் இடம் செர்பியாவில் நிஷ். மூன்று மாதத்தில் இது ஒன்பதாவது பயணம்.

ஆலை இடம் மாறப் போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலே சொல்லிவிட்டது. அன்று இரவு எஜீதியோவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவனிடம் சொல்லாமலே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை. எஜீதியோ அவளுக்கு முன்பே எழுந்து காபிக் குடுவையை அடுப்பில் ஏற்றியிருந்தான்.

"உனக்கு எட்டு மணிக்குத்தான வேலை? இப்பவே ஏன் எந்திரிச்ச?" என்று கேட்டாள்.

"தூக்கம் வரல. அந்தப் படகுப் பட்டறைக்காரம்மாவுக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள பதில் சொல்லணும்ல."

துறைமுகத்தில் உல்லாசப் படகு கட்டும் பட்டறை அது. இன்ஜின் பூட்டும் பிரிவுக்குத் தலைமை ஆளாக எஜீதியோவைக் கேட்டிருந்தார்கள். இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் இன்றோடு முடிகிறது.

"என்ன சொல்லப் போற?"

"வேண்டாம்னுதான். வேற என்ன?" அவன் ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "செவ்வாக்கிழமை முதலாளி வந்து என் தோள்ல கை போட்டாரு லோரி. அத்தனை பேரும் பாத்தாங்க. 'எஜீதியோ, நீ இல்லாம அந்த லைன் ஓடாது, எங்கயும் போயிடாத'ன்னாரு. எப்படித்தான் அவரு காதுக்குப் போச்சோ."

"அவரு சொன்னாருன்னா..."

"அம்பத்தோரு வயசுல புது இடத்துல போயி, சின்னப் பசங்ககிட்ட கக்கூஸ் எங்க இருக்குன்னு கேட்டுகிட்டு நிக்கவா? அங்க படகு வாங்க வர்றவன்லாம் வெள்ளைச் செருப்பு போட்டுகிட்டு வருவான். என் பூட்ஸைப் பாத்தா மயங்கி விழுந்துருவான்."

சிரித்தான். அவளும் சிரிக்க முயன்றாள்.

"எஜீதியோ."

"ம்?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறந்தது.

"காபி பொங்குது பாரு," என்றாள்.

அவளைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. அவள் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அவ்வளவு எளிதில்லை.

அன்கோனா விமான நிலையத்தின் ஓரத்தில், பெரிய கட்டடத்தோடு ஒட்டாமல், தனியாக ஓர் அலுவலகம். ஆறு பேர் உட்காரும் சின்ன ஜெட் விமானங்கள் இரண்டு. அவற்றை நடத்துபவன் அவள் தம்பி ஃபவுஸ்தோ. அவனேதான் முதல் விமானி. விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. நம்பி இருப்பவர்கள் பதினோரு குடும்பம். காலையில் வேறொரு நாட்டில் கையெழுத்து, இரவுச் சாப்பாடு வீட்டில் என்று வாழும் முதலாளிகள்தான் வாடிக்கையாளர்கள். சாதாரண விமானத்தில் ரோமுக்குப் போய், வியன்னாவில் மாறி, ஒரு நாளை முழுங்கிவிடும் பயணம் இதில் ஒன்றேகால் மணி நேரம். காரில் வந்து விமானத்தின் அடியிலேயே இறங்கலாம். வரிசை கிடையாது, கூட்டம் கிடையாது, பார்க்கிற கண்ணும் கிடையாது.

அதற்குத்தான் வருகிறார்கள், அந்தக் கடைசி விஷயத்துக்கு.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர்களிடம் இருந்த ஒரு விமானி, ஒரு வாடிக்கையாளர் சூரிச்சில் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போவதை மதுக்கடையில் உளறிவிட்டான். ஒரு மாதத்தில் பாதி வாடிக்கையாளர்கள் போனார்கள். ஒரு விமானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் அவர்களைத் தூக்கி நிறுத்தியவர் செர்ரவாலேதான். அதற்குப் பிறகு, பயணிகளைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று ஃபவுஸ்தோ எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். முதல் கையெழுத்து அக்காவுடையது.

ஆறரை மணிக்கு ஆலையின் வேன் வந்தது. ஓட்டுநர் இரண்டு சின்ன மரப்பெட்டிகளை இறக்கி வைத்தான். சாமான்களுக்குச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டியின் மேல் கறுப்பு மையில், அவளுக்கு மிகவும் பழகிய சாய்ந்த எழுத்து. 'மெதுவாக.' அடியில் இரண்டு கோடு.

எஜீதியோவின் கை. புதன்கிழமை அவன் சொல்லியிருந்தான், மிலான் கண்காட்சிக்காகப் பம்ப் இறக்கைகளின் வார்ப்பு அச்சுகளைத் தன்னையே பொதி கட்டச் சொன்னார்கள் என்று. வேறு யாரையும் அவற்றைத் தொடவிட மாட்டார்கள் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னான்.

மிலானுக்கு என்று சொல்லி, அவனை வைத்தே கட்ட வைத்திருக்கிறார்கள்.

அவள் விமானம் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். பிப்ரவரிக் காற்று கடலிலிருந்து வெட்டியது. ஃபவுஸ்தோ சக்கரத்தருகே டார்ச்சோடு குனிந்திருந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "எது?"

"எதுன்னா கேக்குற? எட்டு தடவ நீதான ஓட்டுன?"

டார்ச்சை அணைத்தான். "அக்கா, எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு துணித்திரை. அவ்வளவுதான். எல்லாம் கேக்கும். யாரு பொண்டாட்டிய விடப்போறான், யாரு கம்பெனி முழுகப்போகுது, எல்லாம். நான் இறங்குனதும் மறந்துருவேன். மறக்கணும்."

"எஜீதியோவ மறந்துட்டியா? அப்பா செத்தப்போ உன் படிப்புக்குத் தன் பைக்க வித்தவன்டா அவன்."

"அதச் சொல்லிக் காட்டாத." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்கு நவம்பர்லயே தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க வீட்ல அவருக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன். ஒரு வாய் இறங்கல எனக்கு. மூணு மணிக்குக் கையெழுத்துப் போடுறாங்க. அதுக்கு மேல நீயே சொல்லிக்க. ஊருக்கே தெரிஞ்சுரும். அதுவரைக்கும் வாயத் திறக்காத. திறந்தா, திங்கக்கிழமை இந்த ரெண்டு விமானமும் இருக்காது."

"பன்னெண்டு மணிக்கு அவன் வேற வேலைய வேண்டாம்னு சொல்லப் போறான்."

ஃபவுஸ்தோ அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தான். "என்ன வேலை?"

"படகுப் பட்டறையில. இன்னிக்கு மதியம்தான் கெடு."

"எனக்குத் தெரியாதுக்கா." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "சத்தியமா தெரியாது."

"இப்ப தெரியுதுல்ல. சொல்லு, என்ன பண்ணட்டும்?"

அவன் பதில் சொல்வதற்குள் கார் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. செர்ரவாலே இறங்கினார். எழுபது வயதிலும் நிமிர்ந்த நடை. ஒவ்வொரு முறையும்போல அலுவலகத்துக்கு ஒரு பெட்டி இனிப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தார்.

"லொரெதானாம்மா, சூடா இருக்கு, ஆறிடுறதுக்குள்ள சாப்பிடுங்க. சாயங்காலம் ஆறுக்குள்ள திரும்பிடலாமா? பேத்திக்குப் பொறந்தநாள்."

"திரும்பிடலாம் சார்."

"எஜீதியோ எப்படி இருக்கான்?"

அவர் முகத்தை அவள் பார்த்தாள். கபடம் இருந்தால் வெறுத்திருக்கலாம். களைப்புதான் இருந்தது.

"நல்லா இருக்கான் சார்," என்றாள்.

ஏழு பத்துக்கு விமானம் எழும்பிக் கடல் பக்கம் திரும்பியது. போகும்போது ஃபவுஸ்தோ அவளைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு அவள் தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். பத்தேமுக்காலுக்கு எடுத்தாள். ஆலைக்குள் வேலை நேரத்தில் தொலைபேசி அனுமதி இல்லை. செய்தி மட்டும் அனுப்பினாள்: 'உடனே கூப்பிடு.'

பதினொன்று நாற்பதுக்கு அவன் கூடத்து வாசலுக்கு வந்து கூப்பிட்டான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"என்னாச்சு? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. எஜீதியோ, அந்தப் பட்டறைக்காரங்ககிட்ட திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேளேன்."

"கேட்டா குடுக்க மாட்டாங்க. வரிசையில இன்னொருத்தன் நிக்கிறான். எதுக்கு?"

"அப்ப சரின்னு சொல்லிடு."



"சரின்னு சொல்லணுமா? காலைல ஒன்னும் சொல்லாம இருந்த?"

"யோசிச்சேன். உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும். கடல் பக்கம்..."

"லோரி." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "உங்க ஆபீஸ்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? எங்க ஆலையப் பத்தி?"

கேட்டுவிட்டான். கணவன் மனைவியிடம் நேராக, ஆலையைச் சொல்லியே கேட்டுவிட்டான். எதிர்ச் சுவரில் பதினோரு பேரின் வேலை அட்டவணை மாட்டியிருந்தது. விமானம் துடைக்கும் இலாரியா ஆறு மாதக் கர்ப்பம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஃபவுஸ்தோவின் முகம்.

"இல்ல," என்றாள். "யாரும் ஒன்னும் சொல்லல."

அவன் பெருமூச்சு விட்டான். சிரித்தான் என்றே அவளுக்குத் தோன்றியது. "ஒரு நிமிஷம் பயமுறுத்திட்ட. உனக்கு எப்பவுமே துறைமுகம்னா ஆசை, அதான. ஞாயித்துக்கிழமை மீன் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன், போதுமா? வைக்கிறேன், சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் மறுபடி கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. 'சொல்லிட்டேன். அந்தம்மாவுக்கு வருத்தம். எனக்கு நிம்மதி.'

அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இலாரியா வந்து தட்டிக் கேட்டபோது, தலைவலி என்றாள்.

மூன்றே முக்காலுக்குத் தொழிற்சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று. இருநூற்றுப் பதினான்கு பேர். ஏப்ரல் கடைசியோடு ஆலை மூடப்படும். உற்பத்தி வேறிடத்துக்குப் போகும். எஜீதியோவின் பிரிவில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். யாரோ லைனை நிறுத்தினார்கள். அவ்வளவு அமைதியை அந்தக் கூடத்தில் அவன் கேட்டதே இல்லை.

அவன் உடை மாற்றவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக மனைவியிடம் வந்தான்.

ஐந்தேகால் மணி. அலுவலகக் கதவைத் திறந்து நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல், அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். எண்ணெய் வாடை அடித்தது. இருபத்தேழு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"மூடுறாங்க லோரி. மூடிட்டாங்க. மதியம்தான் நான்... மதியம்தான்..."

"தெரியும்டா," என்று சொல்ல வந்தது. "ம்," என்றாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை தன்னுடையது என்றே அவளுக்குப் படவில்லை.

"உன்கிட்ட வந்தாதான் மூச்சு விட முடியும்னு தோணிச்சு," என்றான்.

அவனை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். மேலங்கியை எடுத்தாள். அதற்குள் வெளியே இன்ஜின் சத்தம் நெருங்கி வந்தது. சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே.

ஜெட் வந்து கண்ணாடிச் சுவருக்கு எதிரில் நின்றது. படி இறங்கியது. எஜீதியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மாதான் திரும்பிப் பார்த்தான். முதலில் மருமகன். பிறகு வழக்கறிஞர், கக்கத்தில் தோல் பை. பிறகு செர்ரவாலே.

செர்ரவாலே உள்ளே வந்தார். தொழிலாளியைப் பார்த்தார். நின்றார்.

"எஜீதியோ. திங்கக்கிழமை பேசலாம்," என்றார். மருமகன் அவர் முழங்கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனான்.

ஃபவுஸ்தோ கடைசியாக வந்தான். எஜீதியோவைக் கண்டதும் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

எஜீதியோ சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தான். 'நிஷ்' என்று அன்றைய பயணம் அதில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்தில்.

"மச்சான்," என்றான் மெதுவாக. "இந்த ஊருக்கு எத்தனை தடவ போயிருப்ப?"

ஃபவுஸ்தோ அக்காவைப் பார்த்தான்.

"ஒன்பது," என்றாள் லொரெதானா. "அவன் வெறுமனே ஓட்டினான். சீட்டு எழுதினது நான்."

"காலைல நான் காபி போட்டுக் குடுத்தேனே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"போன்ல கேட்டேனே. எங்க ஆலையப் பத்தின்னே கேட்டேன்."

"தெரியும் எஜீதியோ."

கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான், கணக்குச் சரியாக வந்துவிட்டது என்பதைப்போல.

"மாமா, தப்பு என்னுது," என்றான் ஃபவுஸ்தோ. "நான்தான் அக்காவ..."

"விடு மச்சான். நீ உன் ஆளுங்களப் பாத்துக்கிட்ட. அவ உன்னப் பாத்துக்கிட்டா." எஜீதியோ கதவைத் திறந்தான். "என்னையப் பாக்கத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

அவன் கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அவள் படகுப் பட்டறைக்குத் தொலைபேசி செய்தாள். மானத்தை விட்டுக் கெஞ்சினாள். அந்த அம்மாள் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "பன்னெண்டரைக்கே இன்னொருத்தர் ஒத்துக்கிட்டாரும்மா. ரெண்டாவது தடவ கேட்டுப் பாத்தேன் உங்க வீட்டுக்காரர்கிட்ட. முதலாளி கைவிட மாட்டாருன்னு சொன்னாரு."

ஏழு மணிக்கு ஃபவுஸ்தோவின் காரில் ஆலைக்குப் போனார்கள். வாசலில் கூட்டம். தகர டிரம்மில் மரப்பலகைகளைப் போட்டு நெருப்பு மூட்டியிருந்தார்கள். குழந்தையோடு வந்த பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், பாதிரியார்கூட வந்திருந்தார். லொரெதானாவைக் கண்டதும் ஒரு பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி சூடான பயறு சூப்பைக் கையில் திணித்தாள். "குடிங்கக்கா, முகமே வெளுத்துப் போயிருக்கு. உங்க வீட்டுக்காரருக்குத்தான் பாவம், அந்த லைனத் தூக்கி நிறுத்துனதே அவருதான்."



எஜீதியோ நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றான். பக்கத்தில் தொழிற்சங்கத்து இனேஸ். குட்டையான உருவம், கரகரத்த குரல். எதையும் நேராகக் கேட்கிற பெண்மணி.

"முதலாளி இன்னிக்கு வாடகை ஜெட்லதான் போனாராம்," என்றாள் இனேஸ் எல்லோருக்கும் கேட்கும்படி. "எஜீதியோ, உன் சம்சாரம் அங்கதான வேலை பாக்குறாங்க? அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

கட்டிக்கொண்ட பெண்ணின் கை லொரெதானாவின் தோளிலிருந்து நழுவியது.

எஜீதியோ நெருப்பையே பார்த்தான்.

"அவ சீட்டு எழுதுறவ," என்றான். "பெரிய மனுஷங்க அவகிட்டயா வந்து கதை சொல்லுவாங்க? தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாளா?"

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ "அதான," என்றார்கள். அவளைக் காப்பாற்ற அவன் இருபத்தாறு வருடச் சகாக்களிடம் பொய் சொன்னான். சொன்னவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இனேஸ் நெருப்பைச் சுற்றிக்கொண்டு அவளருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஜனவரியில எங்களுக்கு எழுத்துல குடுத்தாங்கம்மா, ஆலை எங்கயும் போகாதுன்னு. அதுக்கு முன்னாடியே அங்க போயி இடம் பாத்திருந்தா, அது ஏமாத்து. திங்கக்கிழமை தொழிலாளர் அலுவலகத்துல உக்காரும்போது என் கையில தேதி வேணும். எந்தெந்த நாள், யார் யார், எந்த ஊரு. உங்க ஆபீஸ்ல அது இருக்குமே?"

அக்காவின் கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தை ஃபவுஸ்தோ வாங்கிக்கொண்டான்.

நெருப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அலுவலகத்தை விட்டுப் போன பிறகு முதல்முறையாக, எஜீதியோ அவள் முகத்தைப் பார்த்தான், என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று.